முதல் சிறுகதைத் தொகுப்பு: சேலத்திலிருந்து எழுதுகிறவருக்கு, நோட்டு முதல் அச்சு வரை

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசு வியாபாரியிடம் கணக்கு எழுதுகிறேன். வீடு அம்மாப்பேட்டையில், பக்கத்து வீட்டில் தறி ஓடும். என் முதல் கதையின் முதல் வரியை எழுதியதற்கும் புத்தகம் கைக்கு வந்து சேர்ந்ததற்கும் நடுவில் நான்கு வருடம் போனது. உருப்படியாக வேலை நடந்தது அதில் ஒன்றரை வருடம்தான். மிச்சமெல்லாம் சோம்பல், அவசரம், படிக்காமல் போட்ட ஒரு கையெழுத்து. யாராவது முன்பே உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் இரண்டு வருடமாவது மிச்சமாகியிருக்கும். உங்களிடம் அதைச் சொல்லத்தான் இது.

எப்படி நல்ல கதை எழுதுவது என்பது இதில் கிடையாது. அது எனக்கே இன்னும் பிடிபடவில்லை. எழுதி முடிப்பதும், முடித்ததைப் புத்தகமாக்குவதும் மட்டும்தான்.

1. முதலில் கணக்குப் போடுங்கள்

"ஒரு புத்தகம் எழுத வேண்டும்" என்று நினைத்துக்கொண்டே இருந்தால் அது மலை மாதிரி நிற்கும். எண்ணாக்கிவிட்டால் கையில் பிடிக்கலாம். டெம்மி அளவுப் புத்தகத்தில் (கதைப் புத்தகங்களுக்கு வழக்கமான அளவு) ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 220 சொல் பிடிக்கும். 128 பக்கப் புத்தகத்தில் தலைப்புப் பக்கம், பொருளடக்கம், முன்னுரை எல்லாம் போகக் கதைக்கு 118, 120 பக்கம் கிடைக்கும். அதாவது 26,000 சொல். 2,200 சொல்லில் 12 கதை.

ஒரு நாளைக்கு 300 சொல், வாரத்துக்கு 5 நாள் என்றால் 1,500. அந்தக் கணக்கில் 18 வாரத்தில், நான்கு மாதத்துக்குக் கொஞ்சம் மேல், முதல் பிரதி, அதாவது திருத்தாத முதல் வரைவு, முடிந்துவிடும். எனக்கு 14 மாதம் ஆனது. ஏனென்றால் ஒரு நாள் 1,500 சொல் எழுதிவிட்டு, அந்தப் பெருமையிலேயே இரண்டு வாரம் நோட்டைத் தொடமாட்டேன்.

300 சொல் என்பது கையெழுத்தில் லாங் சைஸ் நோட்டில் ஒன்றரைப் பக்கம். எனக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். சில நாள் அந்த ஒரு மணி நேரத்தில் 80 சொல்தான் வரும். பரவாயில்லை, எழுந்துவிடுங்கள். கணக்கை ஈடுகட்ட ராத்திரி உட்கார்ந்தால் மறுநாள் காலையும் கெட்டுப்போகும்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியும் சொல் எண்ணிக்கையும் மட்டும் எழுதிவாருங்கள். எழுதாத நாளுக்கு 0 போடுங்கள், காரணம் எழுத வேண்டாம். நான் முதலில் காரணமும் எழுதினேன். மாசக் கடைசியில் படித்துப் பார்த்தால் கதைகளைவிட அந்தக் காரணங்களில்தான் கற்பனை அதிகம் இருந்தது.

2. ஒரு நேரம், ஒரு இடம்

எங்கள் தெருவில் தறி காலை ஆறரைக்குத் தொடங்கும். அதனால் என் நேரம் ஐந்திலிருந்து ஆறு. சேலத்தில் சித்திரை, வைகாசியில் 40 டிகிரி வெயில் சாதாரணம். வேலை முடிந்து, பழைய பேருந்து நிலையத்தில் டவுன் பஸ்ஸுக்கு நின்று, ஏழரைக்கு வீடு வந்தபின் எழுதலாம் என்று திட்டம் போடாதீர்கள். நான் போட்டேன். மூன்று மாதத்தில் எழுதியது நான்கு பக்கம்.

காலையில் முடியாது என்கிறவர்கள் மதிய உணவு இடைவேளையைப் பாருங்கள். வீட்டில் இடமில்லை என்றால் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. அங்கே செய்தித்தாள் மேசைக்குப் போகாமல் உள்ளே தள்ளி உட்காருங்கள். செய்தித்தாள் மேசையில் உட்கார்ந்தால் யாராவது கட்டாயம் "நீங்க எந்த ஊரு?" என்பார், அப்புறம் உங்கள் ஒரு மணி நேரம் அவருடையது.

விடுமுறையையும் முன்கூட்டியே கணக்கில் எடுங்கள். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை வந்தால் ஊர் முழுக்க ஒலிபெருக்கி, வீடு முழுக்க விருந்தாளி. அந்த இரண்டு வாரத்துக்கு நான் இலக்கே வைப்பதில்லை. வைத்து, தவறி, மனசு சோர்ந்து, ஆவணி முழுக்க வீணாக்கிய அனுபவம் உண்டு.

வீட்டில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். "இந்த ஒரு மணி நேரம் என்னைக் கூப்பிடாதே" என்று என் மனைவியிடம் ஒரு வருடம் கழித்துத்தான் சொன்னேன். "இதை முன்னாலயே சொல்லியிருக்கலாமே, நீங்க கணக்கு எழுதுறீங்கன்னுல்ல நெனச்சேன்" என்றாள்.

3. ஏற்காட்டுக்குப் போய் எழுதலாம் என்று நினைக்காதீர்கள்

சேலத்தில் எழுத ஆசைப்படுகிற எல்லோருக்கும் இந்த நினைப்பு ஒரு தடவையாவது வரும். கையெட்டும் தூரத்தில் மலை, 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் பனி, சில்வர் ஓக், காப்பித் தோட்டம். அங்கே ஒரு அறை எடுத்து மூன்று நாள் உட்கார்ந்தால் கதை கொட்டும் என்று தோன்றும்.

நான் மூன்று நாள் லீவு போட்டு, அறை வாடகை, சாப்பாடு, பஸ் என்று 6,200 ரூபாய் செலவழித்து உட்கார்ந்தேன். முதல் நாள் ஏரியைச் சுற்றினேன். இரண்டாம் நாள் குளிர் என்று போர்வைக்குள் இருந்தேன். மூன்றாம் நாள் ஆறு பக்கம் எழுதினேன், கீழே வந்து ஆறையும் கிழித்தேன். மே மாதம் கோடை விழாச் சமயத்தில் போனால் நிலைமை இன்னும் மோசம். வாடகை எகிறிவிடும், வாகன நெரிசலில் பாதி நாள் வளைவுகளிலேயே போய்விடும்.

ஆனால் மலைக்குப் போக ஒரு சரியான காரணம் உண்டு, 5-ஆம் படியில் வருகிறது.

4. முதல் பிரதியை முடிக்கும்வரை திரும்பிப் படிக்காதீர்கள்

கையில் எழுதுவதா, கணினியிலா, கைபேசியிலா என்பது உங்கள் வசதி. நான் நோட்டில் எழுதினேன், ஒரே காரணம், நோட்டில் அழிக்க முடியாது. கணினியில் முதல் பத்தியையே 40 தடவை மாற்றிக்கொண்டிருந்தேன். நோட்டில் வலது பக்கம் மட்டும் எழுதுங்கள். இடது பக்கம் திருத்தத்துக்கு.

ஒரு கதை பாதியில் நின்றால் அதை மூடிவிட்டு அடுத்ததைத் தொடங்கலாம். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு பாதிக் கதைக்கு மேல் கையில் இருக்கக்கூடாது. ஒரு கட்டத்தில் என்னிடம் ஒன்பது இருந்தன. அவற்றில் ஆறு இன்றும் பாதியில்தான்.

எழுதும்போதே யாரிடமும் கதையைச் சொல்லாதீர்கள். டீக்கடையில் சொல்லி முடித்த கதை நோட்டுக்கு வராது. இது மூடநம்பிக்கை மாதிரி இருக்கும், எனக்கு மூன்று தடவை நடந்தது.

5. திருத்தம்: வேலையே இங்கேதான்

முதல் பிரதிக்கு ஆகும் காலத்தைப் போல இரண்டு மடங்கு திருத்தத்துக்கு ஒதுக்குங்கள். எழுதி முடித்த கதையைக் குறைந்தது ஒரு மாதம் தொடாமல் வையுங்கள். பிறகு முதல் தடவை வாய்விட்டுப் படியுங்கள். எந்த இடத்தில் மூச்சு முட்டுகிறதோ அங்கே வாக்கியம் கெட்டிருக்கிறது. இரண்டாவது தடவை வெட்டுவதற்காக மட்டும் படியுங்கள். மூன்றாவது தடவை தகவல் சரிபார்ப்பு.

இந்த மூன்றாவதைப் புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் செய்வதில்லை. என் கதை ஒன்றில் ஏற்காட்டுத் தோட்டத்தில் ஆடி மாதம் காப்பிப் பழம் சிவந்து தொங்கும், பெண்கள் கூடை கட்டிப் பறிப்பார்கள். அதை மஞ்சக்குட்டைப் பக்கம் தோட்ட வேலை பார்க்கிற ஒரு அக்காவிடம் படித்துக் காட்டினேன். "ஆடியில ஏது தம்பி பழம்? அப்ப பச்சைக் காயால்ல இருக்கும்" என்று சிரித்துவிட்டார். பங்குனி, சித்திரையில் மழை பெய்தால் பூக்கும், அங்கே பழம் பறிப்பு கார்த்திகை, மார்கழி, தை. கதையின் காலத்தையே மாற்ற வேண்டி வந்தது. குளிரில் விரல் விறைக்கப் பறிக்கிறார்கள் என்று ஆனதும் கதையும் கொஞ்சம் தேறியது. மலைக்குப் போவதற்கு நான் சொன்ன காரணம் இதுதான். எழுதி முடித்துவிட்டு, காலை பஸ்ஸில் ஏறி, கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு, மாலையில் இறங்கிவிடுங்கள். அறை தேவையில்லை.

கொலுசுப் பட்டறையோ தறியோ மாம்பழ மண்டியோ, எதை எழுதினாலும் அந்த வேலையைச் செய்கிற ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். இலக்கியம் தெரிந்தவர் சொல்லும் கருத்தைவிட இவர் சொல்லும் திருத்தம் நேரடியாகப் பயன்படும்.

அப்புறம் இலக்கியம் தெரிந்த ஒருவரும் வேண்டும். நண்பர் வேண்டாம். எனக்கு ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் கிடைத்தார். முதல் கதையைப் படித்துவிட்டு, "கதை நாலாம் பக்கத்துல ஆரம்பிக்குது. முதல் மூணு பக்கம் எதுக்குப்பா?" என்றார். இரண்டு நாள் கோபமாக இருந்தேன். பிறகு வெட்டினேன். 12 கதையில் 8 கதைக்கு இதே சிகிச்சை தேவைப்பட்டது.

6. தட்டச்சு: யூனிகோடு தவிர வேறு எதிலும் வேண்டாம்

யூனிகோடு என்பது எல்லாக் கணினியிலும் கைபேசியிலும் ஒரே மாதிரி தெரியும் எழுத்து முறை. டி.டி.பி. கடையில் கொடுத்தால் பழைய எழுத்துருவில் அடித்துக் கொடுக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கோப்பை இதழுக்கு அனுப்பினால் அங்கே கட்டம் கட்டமாகத் தெரியும். எழுத்துரு மாற்றும் மென்பொருளில் போட்டால் பெரும்பாலும் மாறும், ஆனால் "ஸ்ரீ", "க்ஷ" போன்றவை சிதையும், கொம்பு எழுத்தை விட்டுத் தனியாக நிற்கும். பணம் கொடுக்கும் முன்பே "யூனிகோடில் வேண்டும்" என்று சொல்லி, ஒரு பக்கம் அடித்துத் தரச்சொல்லி, அதை உங்கள் கைபேசிக்கு அனுப்பிப் பாருங்கள். கைபேசியில் ஒழுங்காகத் தெரிந்தால் சரி.

நீங்களே அடிப்பது இன்னும் நல்லது. தமிழ்99 விசைப்பலகை இரண்டு வாரத்தில் கைக்கு வந்துவிடும். மெய்யெழுத்துக்குப் புள்ளியைப் பல இடங்களில் அதுவே வைத்துவிடும், அடிக்கும் எண்ணிக்கை குறையும். கைபேசியில் குரல்வழித் தட்டச்சும் உண்டு, அவசரத்துக்கு ஆகும். ஆனால் அறம் அரமாகும், கறை கரையாகும், நிறுத்தக்குறியே இருக்காது. அதில் மிச்சமாகும் நேரமெல்லாம் திருத்தத்தில் போய்விடும்.

கோப்பை மூன்று இடத்தில் வையுங்கள்: கணினி, பென் டிரைவ், உங்கள் மின்னஞ்சல். என் கணினி ஒரு மின்னல் இடியில் போனபோது நோட்டு இருந்ததால் தப்பித்தேன். இரண்டு கதைகளின் திருத்தம் மட்டும் போனது, அதை மறுபடி செய்ய ஒரு மாதம்.

7. இதழ்களுக்கு அனுப்புங்கள், ஒரு நேரத்தில் ஒன்றுக்கு

நேராகப் புத்தகத்துக்குப் போகாதீர்கள். இரண்டு மூன்று கதையாவது இதழ்களில் வந்தால் பதிப்பாளரிடம் பேசும்போது கையில் ஏதோ இருக்கும். அனுப்பும் முன் அந்த இதழின் நான்கு ஐந்து இதழ்களைப் படியுங்கள். 800 சொல் கதை போடும் வார இதழுக்கு 4,000 சொல் கதையை அனுப்பிவிட்டு "கண்டுகொள்ளவில்லை" என்று வருத்தப்பட்டவன் நான்.

ஒரே கதையை இரண்டு இதழுக்கு ஒரே சமயத்தில் அனுப்பாதீர்கள். இரண்டிலும் வந்துவிட்டால் இரண்டு கதவும் மூடும். மூன்று மாதம் பாருங்கள், ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள், அதற்கும் பதில் இல்லையென்றால் "திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த இதழ். எங்கே, எந்தத் தேதியில், என்ன பதில் என்று ஒரு பக்கத்தில் குறித்துவையுங்கள். நான் ஒன்பது முறை அனுப்பி மூன்று கதை வந்தது. மூன்றில் ஒன்றுக்குத்தான் பணம். சிற்றிதழ்களில் பணம் எதிர்பார்க்காதீர்கள், அவர்களே கைக்காசு போட்டு நடத்துகிறார்கள்.

காத்திருக்கும்போது எழுதுவதை நிறுத்தாதீர்கள் என்று யாரும் சொல்லாமலே உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரிந்திருந்தது. இருந்தும் நிறுத்தினேன், இரண்டு மாதம், தினமும் மின்னஞ்சலைத் திறந்து பார்த்துக்கொண்டு.

8. பதிப்பகமும் ஒப்பந்தமும்

இரண்டு வழி. பதிப்பகம் தன் செலவில் போட்டு, விற்றதற்கு ராயல்டி தருவது ஒன்று. உங்கள் செலவில் நீங்களே போடுவது இன்னொன்று. இரண்டுமே கௌரவமான வழிதான். சிக்கல் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. பணம் உங்களுடையது, உரிமை அவர்களுடையது.

எனக்கு நடந்தது: ஒரு பதிப்பகம், பெயர் வேண்டாம், 25,000 ரூபாய்க்கு 300 பிரதி, வெளியீட்டு விழா, நூலகங்களில் இடம் என்று சொன்னது. 12,000 முன்பணம் கட்டினேன். மூன்று பக்க ஒப்பந்தத்தைக் கையெழுத்துப் போட்ட அன்று படிக்கவில்லை. மூன்று மாதத்தில் புத்தகம் என்றார்கள், ஒன்பது மாதமாகியும் மெய்ப்புகூட (பிழை பார்க்கத் தரும் அச்சுப்பிரதி) வரவில்லை. அப்புறம்தான் படித்தேன். அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம், எல்லா உரிமையும் நிரந்தரமாக அவர்களுக்கு. நயமாகவும் கோபமாகவும் எழுதிய கடிதங்களுக்குப் பிறகு உரிமையைத் திரும்ப எழுதிக் கொடுத்தார்கள். பணம் வரவில்லை. கடைசியில் என் செலவில் நானே போட்டேன்.

ஆகவே கையெழுத்துப் போடும் முன் இவற்றைப் பாருங்கள். எந்தெந்த உரிமை, எத்தனை வருடத்துக்கு, எந்தப் பிரதேசத்துக்கு என்று தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் (காபிரைட்) சட்டத்தின் 19-ஆம் பிரிவு இதில் உங்கள் பக்கம் நிற்கிறது. உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றும், பிரதேசம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். உரிமையை வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும். ஆனால் "ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்படாவிட்டால்" என்ற வால் இந்தக் கடைசி விதிக்கு உண்டு. என் ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்பட்டிருந்தது.

ராயல்டி எத்தனை சதவீதம், அது அட்டை விலையிலா விற்ற விலையிலா, கணக்கு வருடத்துக்கு எத்தனை முறை தருவார்கள், எத்தனை ஆசிரியர் பிரதி இலவசம், எத்தனை மாதத்துக்குள் அச்சாகாவிட்டால் ஒப்பந்தம் ரத்து. இவை இல்லாத ஒப்பந்தத்தைத் திருப்பிக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

தேவைப்படும் ஆவணங்கள் அதிகமில்லை: ஆதார் நகல், பான் நகல், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம், ஒரு புகைப்படம், ஐந்து வரியில் ஆசிரியர் குறிப்பு. நகலில் "எதற்காகத் தருகிறேன்" என்று குறுக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள்.

9. ஐ.எஸ்.பி.என்., காப்புரிமை

ஐ.எஸ்.பி.என்., அதாவது ஒவ்வொரு புத்தகத்துக்கும் தரப்படும் சர்வதேச அடையாள எண், இந்தியாவில் இலவசம். ராஜா ராம்மோகன் ராய் பெயரிலான தேசிய முகமை இணையத்தில் விண்ணப்பம் வாங்கித் தருகிறது. சொந்தமாகப் புத்தகம் போடுகிற ஆசிரியரும் நேரடியாக விண்ணப்பிக்கலாம். அடையாளச் சான்று, முகவரிச் சான்று, புத்தக விவரம் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். "எண் வாங்கித் தர 3,000" என்று கேட்கிறவர்கள் விண்ணப்பத்தை நிரப்பும் கூலியைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் பெயரில் உள்ள எண்ணில் ஒன்றை உங்கள் புத்தகத்துக்குப் போட்டால் பதிவேட்டில் பதிப்பாளர் அவர்கள்தான், இதையும் கவனியுங்கள். அச்சுக்கு ஒரு எண், மின்னூலுக்கு வேறு எண். அட்டை வேலை தொடங்கும் முன்பே விண்ணப்பியுங்கள். எனக்கு எண் வரத் தாமதமானதால் அச்சகத்தில் ஒரு மாதம் கோப்பு கிடந்தது.

காப்புரிமைக்குப் பதிவு கட்டாயமில்லை. எழுதிய கணமே அது உங்களுடையது, உங்கள் ஆயுளுக்கும் அதற்குப் பின் 60 வருடத்துக்கும். பதிவு செய்ய விரும்பினால் இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். விண்ணப்பித்ததும் ஆட்சேபம் வருகிறதா என்று 30 நாள் காத்திருப்பு, அதன்பின்தான் பரிசீலனை. நான் பதிவு செய்யவில்லை. தனக்குத்தானே தபாலில் அனுப்பிப் பிரிக்காமல் வைத்துக்கொண்டால் பதிவுக்குச் சமம் என்று ஒருவர் உங்களிடம் சொல்வார். சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை.

10. அச்சு: செலவுக் கணக்கு

முதல் தொகுப்புக்கு 100 பிரதி போதும். அந்த எண்ணிக்கைக்கு டிஜிட்டல் அச்சுதான் கட்டுப்படியாகும். ஆஃப்செட்டில் பிளேட் செலவு இருப்பதால் 300, 500 என்று போகும்போதுதான் விலை இறங்கும். "500 போட்டால் ஒன்றுக்கு 30 ரூபாய் குறையும் அண்ணா" என்பார்கள். குறையும்தான். 400 புத்தகம் வீட்டில் இருக்கும்.

உள்தாள் 70 ஜி.எஸ்.எம். (தாளின் எடையைச் சொல்லும் அளவு) மேப்லித்தோ, அட்டை 300 ஜி.எஸ்.எம்., மேட் லேமினேஷன். இதற்கு மேல் ஆடம்பரம் வேண்டாம். 16 பக்கம் ஒரு பாரம், 128 பக்கம் என்றால் 8 பாரம். என் புத்தகம் லேஅவுட்டில் (பக்க வடிவமைப்பில்) 131 பக்கம் வந்தது. அச்சகம் 8-இன் மடங்கு கேட்டது. 136 ஆக்கி ஐந்து வெற்றுப் பக்கம் விடலாம், அல்லது மூன்று பக்கம் வெட்டலாம். என் தமிழாசிரியரைக் கேட்காமலே என்ன சொல்வார் என்று தெரிந்தது. வெட்டினேன்.

பக்க எண்ணிக்கை முடிவாகும்வரை அட்டையை முடிக்காதீர்கள். முதுகின் அகலம் பக்கத்தைப் பொறுத்தது. 128 பக்கத்துக்கு ஆறு மில்லிமீட்டர் அளவில்தான் வரும், அதில் பெரிய எழுத்தில் தலைப்புப் போட்டால் முன்னட்டைக்கு வழிந்துவிடும்.

எனக்கு ஆன செலவு: நோட்டு, பேனா 600. மெய்ப்புப் பார்க்க மூன்று முறை அச்சுப்பிரதி 900. பிழைதிருத்தம் பக்கத்துக்கு 25 வீதம் 3,200. லேஅவுட் பக்கத்துக்கு 20 வீதம் 2,560. அட்டை 2,500. அச்சு 100 பிரதிக்கு 85 வீதம் 8,500. தபால், கூரியர் 1,100. மொத்தம் 19,360 ரூபாய். போன 12,000-த்தையும் மலைச் செலவையும் இதில் சேர்க்கவில்லை, சேர்த்துப் பார்க்க மனசு வரவில்லை.

பிழைதிருத்தத்தில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். நீங்கள் எழுதியதை நீங்களே நூறு தடவை படித்தாலும் ஒற்றுப்பிழை கண்ணில் படாது, மூளை சரியாகவே படித்துக்கொள்ளும். லேஅவுட் முடிந்தபின் இன்னொரு தடவையும் பாருங்கள். எங்கள் லேஅவுட்டில் ஒரு கதையின் கடைசிப் பத்தி மொத்தமாக விடுபட்டிருந்தது. அது இல்லாமலே கதை நன்றாக இருக்கிறதோ என்று ஒரு நிமிடம் யோசித்ததையும் ஒப்புக்கொள்கிறேன். முதலில் ஒரே ஒரு மாதிரிப் பிரதி அடிக்கச் சொல்லுங்கள். அதைப் பார்த்துச் சரி சொன்னபிறகு மிச்சம் 99.

எப்போது அச்சுக்குக் கொடுப்பது? நவம்பர், டிசம்பர் வேண்டாம். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி, எல்லாப் பதிப்பகமும் அந்த நேரத்தில் அச்சகத்தில் வரிசை கட்டும், உங்கள் 100 பிரதி கடைசிக்குத் தள்ளப்படும். பிப்ரவரி, மார்ச்சில் கொடுத்தால் நிதானமாகச் செய்வார்கள், ஆகஸ்ட்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்குக் கையில் இருக்கும்.

11. புத்தகம் வந்தபிறகு

1954-ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் பதிப்பாளர் தன் செலவில் நான்கு நூலகங்களுக்கு ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும்: கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை ஏசியாடிக் சொசைட்டி, டெல்லி பொது நூலகம். சொந்தமாகப் போட்டால் பதிப்பாளர் நீங்கள்தான். பதிவுத் தபால் 2025-இல் விரைவுத் தபாலோடு சேர்ந்துவிட்டதால் விரைவுத் தபாலிலேயே அனுப்பி ரசீதை ஒட்டி வையுங்கள்.

மதிப்புரைக்கும், படித்துத் திருத்தியவர்களுக்கும் என்று 12 பிரதி போனது. அந்தத் தோட்டத்து அக்காவுக்கு ஒன்று நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைகளுக்குக் கொடுத்தால் 35 சதவீதம் கழிவு கேட்பார்கள், விற்றபின்தான் பணம். எந்தக் கடையில் எத்தனை என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கணக்கு எழுதுகிற நானே முதல் கடையில் வாங்கவில்லை.

அட்டை விலை 160. கடை வழியே 40, நேரடியாக 25 விற்றதில் 8,160 ரூபாய் வந்திருக்கிறது. நூலக ஆணைக்கும் (அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் ஆணை), தமிழ் வளர்ச்சித் துறையின் சிறந்த நூல் பரிசுக்கும் அறிவிப்பு வரும்போது விண்ணப்பியுங்கள், ஆனால் அந்தப் பணத்தை நம்பி அச்சகத்தில் கடன் சொல்லாதீர்கள். அதே துறையில் நூல் வெளியிட நிதியுதவியும் உண்டு, வருமான வரம்பு உண்டு. அதற்குக் கையெழுத்துப்படியாக இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும், அச்சடித்தபின் போனால் பயனில்லை.

மீதி 19 பிரதி இருக்கிறது. மிச்சப் பிரதிகளைக் கட்டிலுக்கு அடியில், தரையில் வைக்காதீர்கள், எங்கள் தெருவில் கரையான் தொல்லை உண்டு. நான் ஐந்து ஐந்தாகப் பாலித்தீன் உறையில் போட்டு, அலமாரியின் மேல்தட்டில், சுவரை ஒட்டாமல் வைத்திருக்கிறேன். கீழ்த்தட்டில் அடுத்த தொகுப்பின் நோட்டு. அதன் கடைசிப் பக்கத்தில் நேற்றைய தேதிக்கு நேரே 0 இருக்கிறது, இன்றைக்கு 210.